எட்டாத காது

ராட்டினத்தில் ஏற வேண்டுமானால் குழந்தை தன் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். எல்லாப் பிள்ளையும் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்துப் போட்டு, விரல் நுனியால் இடது காதைத் தொடும். தொட்டால் ஏறலாம். தொடாவிட்டால் அழுதாலும் சரி, மண்ணில் புரண்டாலும் சரி, அடுத்த வருஷம்தான். இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். சிலுவையம்மாள், ராயபுரத்து மீன்கூடைக்காரி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க இப்படித்தான் வயசு பார்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? புயல் அடித்த வருஷம், ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் என்று தாய் சொல்வாள். வாத்தியார் எதை நம்பி எழுதுவார்? கை காதை எட்டினால் ஐந்து வயசு முடிந்தது, எழுது. அந்த வழக்கத்தைத்தான் நான் ராட்டினத்துக்குக் கொண்டு வந்தேன். கேட்டவர்கள் மெச்சினார்கள். "கூடைக்காரிக்கு இன்னா மூளை பாரு" என்றார்கள்.

அந்த மூளை எதற்கு வேலை செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளுக்காக நான் சட்டம் போடவில்லை. ஒரே ஒரு பிள்ளைக்காகப் போட்டேன். என் மகள் ரோசிக்கு வலது முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. அந்தக் கை ஐந்து வயசிலும் காதைத் தொடாது, ஐம்பது வயசிலும் தொடாது. தெரிந்தேதான் போட்டேன்.

ராட்டினம் தண்டையார்பேட்டை அத்தாவுல்லா பாயுடையது. நாலு மரப்பெட்டி, நடுவில் இரும்பு அச்சு. எஞ்சின் எல்லாம் கிடையாது. கீழே வரும் பெட்டியை இரண்டு ஆட்கள் பிடித்துத் தள்ளித் தள்ளித்தான் வேகம் ஏற்றுவார்கள். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் ஹார்பரில் கலாசி. கப்பலைக் கட்டும் கயிறும் சங்கிலியும் பழகிய கை. அதனால் திருவிழா வந்தால் அந்த ராட்டினத்தைப் பூட்டுவது, பிரிப்பது, சுற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. கூலிக்காகப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். பாயும் அவரும் சின்ன வயசிலிருந்து தோஸ்து.

எங்கள் சர்ச்சின் ராயப்பர் திருவிழாவுக்குக் கோயில் மைதானத்தில் ராட்டினம் நிற்கும். அதன் உச்சிக்குப் போனால் ஹார்பர் மதிலுக்கு அந்தப் பக்கம் தெரியும். கப்பலின் புகைக்கூண்டு, கிரேன், கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி எல்லாம் தெரியும். கீழே நின்றால் மதில் மட்டும்தான். ரோசிக்கு அதுதான் ஆசை. மற்றப் பிள்ளைகள் காற்றுக்கும் கூச்சலுக்கும் ஏறினார்கள். இவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "நைனா வேலை செய்யிற எடத்த ஒரு தபா பாக்கணும்."

நானும் ஒரு காலத்தில் ராட்டினம் என்றால் உயிரை விடுவேன். காந்தியைச் சுட்ட வருஷம், மாசி மாதம், திருவொற்றியூர்த் திருவிழாவில் பாய் ராட்டினம் போட்டிருந்தார். ரோசிக்கு இரண்டு வயசு நிறையவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டியில் ஏறப் போனேன். என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"கொயந்தய கீய குடும்மே. நீ மட்டும் ஏறு."

"என் கொயந்தய புடிச்சிக்க எனக்குத் தெரியாதா? பத்து மாசம் நீயா சுமந்த?" என்றேன். வாய்க்கு வாய் பேசினால் நான் தோற்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போதுதான் அடிவயிறு கழன்று மேலே வந்தது. இரண்டாம் சுற்றில் வேகம் கூடியது. எனக்குக் கண் இருட்டியது. அந்த நேரத்தில் என் இரண்டு கையும் போய்ப் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டன. இரண்டு கையும். மடியில் பிள்ளை இருந்தது என் கைகளுக்கு ஞாபகம் இல்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். என் மனம் அன்றைக்கு நல்ல தெளிவாக இருந்தது, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

ஆள் உயரத்திலிருந்து விழுந்தாள். மணல் என்பதால் உயிர் தப்பியது. வலது முழங்கை மட்டும் வீங்கியது. கூட்டத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாது. பாயும் அவரும் நானும்தான் தெரிந்தவர்கள். ராயபுரம் வந்து சேருவதற்குள் நான் ஒரு கதை தயார் செய்துவிட்டேன். வீட்டில் தூளி அறுந்து விழுந்தாள் என்று சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று பயந்து, மூன்று நாள் பிள்ளையை வெளியே காட்டாமல் மஞ்சள் பற்றுப் போட்டு வைத்திருந்தேன். நாலாம் நாள்தான் எலும்பு கட்டுகிறவரிடம் போனோம். "லேட்டா வந்துட்டீங்கம்மா" என்றார் அவர். எலும்பு கூடியது. மூட்டு மடங்கவில்லை.

ரோசி சாப்பிடுவதைப் பார்த்தால் புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். கை வாய்க்கு வராது, வாய்தான் கைக்குப் போகும். தட்டின் மேல் குனிந்து குனிந்து தின்பாள். இடது கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பீச்சாங்கையால் யாராவது சோறு தின்பார்களா? அதை நீட்டும்போதெல்லாம் புறங்கையில் ஒன்று வைப்பேன். "பீச்சாங்கைய மடக்கு" என்பேன். அவளும் மடியில் மடக்கி வைத்துக்கொள்வாள். யாருக்கும் எதையும் அந்தக் கையால் கொடுக்கமாட்டாள், வாங்கமாட்டாள்.

ஐந்து வயசில் ராட்டினம் வேண்டும் என்று கேட்டபோது எனக்கு உள்ளே நடுங்கியது. அதைக் கோபமாக மாற்றுவது எனக்குச் சுலபம்.

"தூளியிலயே உன்னால சும்மா கெடக்க முடியல. நீ ஆடின ஆட்டத்துலதான் கயிறு அறுந்துச்சு. ராட்டினத்துல ஏறி எத்த அறுக்கப் போற?"

சொல்லிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கே பாயிடம் போய்ச் சண்டை பிடித்தேன். இனிமேல் மடியில் வைத்து யாரையும் ஏற்றக் கூடாது, காதைத் தொடாத பிள்ளை தனியாகவும் ஏறக் கூடாது என்றேன். திருவொற்றியூரில் நடந்ததைப் பார்த்தவர் அவர். மறு பேச்சுப் பேசாமல் தலையை ஆட்டினார்.

என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே தன் வேலையைச் செய்திருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் குறுக்கே ஒரு கட்டை போட்டு, அது கழலாமல் ஹார்பர்க் கயிற்றால் முடிச்சுப் போடும்படி செய்திருந்தார். கப்பலே நிற்கும் முடிச்சு அது. பெட்டி தலைகீழாகப் போனாலும் பிள்ளை விழாது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

அவர் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "கொயந்தைகிட்ட உண்மைய சொல்லிடலாம், சிலுவ."

"அதுக்கு இன்னா புரியும்? பெரிசாவட்டும்."

"எப்போ பெரிசாவும்? அதுக்கு எந்தக் காதத் தொடணும்?"

மீன் கெட்டுவிடும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று என்னைச் சொன்னால் தப்பே இல்லை.

அதற்குப் பிறகு ரோசி கேட்கவில்லை. அது மட்டும் இல்லை, அவள் ஓடுவதும் குறைந்தது. வைத்த இடத்தில் இருந்தாள். தின்ன எதையாவது கொடுத்து வாசலில் உட்கார வைத்துவிட்டு நான் மூன்று தெரு விற்றுவிட்டு வந்தால், அதே இடத்தில் அதே மாதிரி இருப்பாள். பக்கத்து வீட்டு மலர்க்கொடிக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் வால் இல்லாத குரங்குகள். "உன் பொண்ணு தங்கம். வெச்ச எடத்துல கீது" என்று ஏங்குவாள். எனக்குப் பெருமையாக இருக்கும். என் மேல் எனக்கு இருந்த கோபத்தை மறக்க அந்தப் பெருமை உதவியது.

ஆறு வயசில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அப்போதிருந்த வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காதைத் தொடச் சொல்லு" என்றார். அவள் சோற்றாங்கையைத் தூக்கினாள். அது நெற்றிக்கு முன்னால் நின்றுகொண்டது. "வளரவில்லை, அடுத்த வருஷம்" என்றார். கை இப்படி என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்படி ஆனது என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். ஊரையே விற்றுவரும் வாய் அது.

இந்த வருஷம் ஜூனில் மறுபடியும் போனோம். ரோசிக்கு ஏழு. புதிதாக ஒரு டீச்சர் வந்திருந்தார்கள். ஆவுடையம்மாள் என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். வரிசையில் எங்கள் முறை வந்தது. ரோசி வழக்கம்போல் வலது கையைத் தூக்கினாள். அது வழக்கம்போல் நெற்றிக்கு முன்னால் நின்றது. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த முழங்கையைப் பிடித்துப் பார்த்தார்கள்.

"இது வயசுக் குறை இல்லையே, கைக் குறைல்லா இது. எப்படி ஆச்சு?"

நான் தூளிக் கதையை ஆரம்பிப்பதற்குள் ரோசி முந்திக்கொண்டாள். "தூளில நான் ஆடினேன் டீச்சர். அறுந்துடுச்சு."

டீச்சர் அவள் தலையைத் தடவினார்கள். "சரி, மத்தக் கையால தொடு பாப்பா."

ரோசி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அது பீச்சாங்கை டீச்சர்" என்றாள்.

"காது என்ன சோறா திங்கப் போகுது? தொடு, நான் சொல்லுதேன்."

அவள் கையை எடுத்தாள். தலைக்கு மேலே போட்டாள். காதைத் தொட்டாள் என்று சொன்னால் போதாது. வலது காதை முழுசாகப் பிடித்து, மடலைக் கீழே இழுத்தே காட்டினாள். டீச்சர் சிரித்துவிட்டார்கள்.

"இது எப்ப இருந்து எட்டுது உனக்கு?"

"போன வருஷமே எட்டுச்சு டீச்சர்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"யாருமே அந்தக் கைய கேக்கல."

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு நின்ற இடம் சுட்டது. ஒரு வருஷம் படிப்பு போனது. என் சட்டத்தை உடைக்கும் கை ஒரு வருஷமாக அவள் மடியில்தான் இருந்திருக்கிறது. நான் அடித்து மடக்கிய கை. அதைத் தூக்கிக் காட்டாமலே பிள்ளை காத்திருக்கிறது.

வெட்கப்பட்டு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வருவதற்குள் என் நெஞ்சில் ஓடியது ஒரே கணக்கு: திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். இவள் ராட்டினத்தின் கீழே நின்று காதைத் தொட்டால் நான் என்ன சொல்வேன்?

திருவிழா நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில், கடற்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. மைதானத்தில் ராட்டினம் நின்றது. அத்தாவுல்லா பாய் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வரும் பிள்ளைகளைக் காது தொட வைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியிலும் குறுக்குக் கட்டையைப் போட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தார். ரோசி வரிசையில் நின்றாள். யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தைத்த புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தானாகப் போய் நின்றிருந்தாள். நான் பார்க்கும்போது அவளுக்கு முன்னால் இரண்டே பிள்ளைகள் இருந்தார்கள்.

அவள் முறை வந்தது. பாய் அவளைப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னாடா கண்ணு" என்றார்.

ரோசி இடது கையைத் தலைக்கு மேல் போட்டு வலது காதைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "தொட்டுட்டா சிலுவ" என்றார்.

"பீச்சாங்கை செல்லாது" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. பத்துப் பேர் கேட்கும்படி வந்தது.

"இன்னா தங்கச்சி இது?" என்றார் பாய். "காதுதான சட்டம்? எந்தக் கைன்னு நீ அப்ப சொல்லலியே."

"எல்லா கொயந்தையும் சோத்தாங்கையில தொடுது. அவளும் சோத்தாங்கையிலதான் தொடணும்."

என் வீட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றும் உயரவில்லை. "அந்தக் கை மடங்காதுன்னு உனக்குத் தெரியும். ஏன் மடங்காதுன்னும் தெரியும். ஒரு கட்டை இல்ல, ரெண்டு கட்டை போட்டுத் தாரேன். இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

நான் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றேன். அப்போது ரோசி என் பக்கம் வந்தாள். காதிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.

"நான் ஆடமாட்டேம்மா" என்றாள். "மெய்யாலுமே ஆடமாட்டேன். தூளில ஆடின மாரி ஆடவே மாட்டேன். நான் இப்பல்லாம் எங்கயுமே ஆடுறதில்லம்மா. நீயே பாக்குறதான?"

எனக்கு எதிரே இருந்தவர்கள் எல்லாம் மறைந்துபோனார்கள். வாசலில் வைத்த இடத்தில் இருக்கும் பிள்ளை மட்டும் தெரிந்தாள். தங்கம், தங்கம் என்று ஊர் மெச்சிய பிள்ளை. இரண்டு வருஷமாக அவள் எனக்காகத் தண்டம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கையை விட்டதற்கு அவள் தன் உடம்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள். பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டாள். வரிசையை விட்டு விலகி, கோயில் சுவர் ஓரமாகப் போய்க் குந்திக்கொண்டாள். அழவில்லை.

ஐந்து வயசுப் பிள்ளைகள் அவளைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். இடது கையை. "எய்ந்திரு. போவலாம்" என்றேன்.

"வூட்டுக்காம்மா?"

"மேல."

அவளைத் தனியாக அனுப்ப என்னால் முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை நிறுத்திப் பிடித்தார். மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற சட்டமும் நான் போட்டதுதான். அதனால் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் குறுக்குக் கட்டையைப் போட்டார். கயிற்றைச் சுற்றினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் முடிச்சை இழுத்துப் பார்த்தார். ஐந்து வருஷமாக நான் கால் வைக்காத பெட்டி அது. உட்கார்ந்த உடனேயே என் இரண்டு கையும் கம்பிக்குப் போய்விட்டன. பார்த்தேன். அவற்றை எடுக்க முடியவில்லை.

மற்றப் பெட்டிகளுக்கு ஆள் ஏற்றுவதற்காக எங்களைக் கால் சுற்று, கால் சுற்றாக மேலே ஏற்றினார்கள். உச்சியில் வந்து நின்றது. காற்று முகத்தில் அடித்தது. கீழே ஜனம் சத்தம் போடுவது கேட்டது. ஹார்பர் மதில் எங்கள் காலுக்குக் கீழே இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மூன்று கப்பல்கள், ஒன்றில் புகை. கிரேன்கள் அன்றைக்கு வேலை இல்லாமல் நின்றன. அதற்கப்பால் கடல்.

"பாரும்மா. நைனா வேலை செய்யிற எடம்."

ரோசி பார்க்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகி, கண்ணை முழங்காலில் வைத்து, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாரேன்."

"திரும்புனா பெட்டி ஆடும்மா" என்றாள்.

இரண்டு வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட இடம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கழுத்தைத் திருப்பப் பயப்படுகிறாள். ராட்டினத்துக்குப் பயந்து இல்லை. தனக்குப் பயந்து. அந்தப் பயத்தைக் கொடுத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ரோசி, நீ தூளிலேர்ந்து வுழல" என்றேன்.

அவள் அசையவில்லை.

"இந்த ராட்டினத்துலேர்ந்துதான் வுழுந்த. திருவொத்தியூர்ல. நான்தான் உன்ன மடியில வெச்சிக்கினு ஏறினேன். நைனா வாணாம்னு சொன்னாரு, நான் கேக்கல. கீழ எறங்க சொல்லோ எனக்குப் பயமாப் போச்சு. கம்பியப் புடிச்சிக்கினேன். ரெண்டு கையாலயும். உன்ன வுட்டுட்டேன்."

இத்தனை வருஷம் மறைத்தது அவ்வளவுதான், நாலு வரி. பிள்ளை அழும், என்னை விட்டு நகர்ந்து உட்காரும், "நைனா" என்று கூப்பிடும் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்பாடு சொல்வதற்கு முன்னால் பிள்ளைகள் யோசிப்பார்களே, அந்த மாதிரி.

"அப்ப நான் ஆடலியா?"

"இல்ல."

"தூளிய நான் அறுக்கலியா?"

"தூளி அறுந்ததே இல்லம்மா. அது இன்னும் பொட்டியில மடிச்சி கீது."

"உன் மடியில நான் சும்மாவா குந்தினு இருந்தேன்?"

"சும்மாத்தான் குந்தினு இருந்த" என்றேன். "ஒரு தப்பும் பண்ணல. நீ சும்மாத்தான் இருந்த."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று சொன்னால் அது என் சௌகரியத்துக்குச் சொல்வது. என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தாள். குறுக்குக் கட்டையை எட்டிப் பிடித்தாள். கழுத்தைத் திருப்பி ஹார்பரைப் பார்த்தாள்.

கீழே என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். ராட்டினம் அசைந்தது. என் கைகளைக் கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். அவளைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டேன். பெட்டி இறங்கத் தொடங்கியது. என் அடிவயிறு பழையபடி மேலே வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், கையை விடவில்லை.

"அம்மா" என்றாள் ரோசி. "இறுக்காத. இந்தக் கையில நான் நல்லா புடிச்சிக்கினு கீறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தேன். கட்டையின் மேல் அவளுடைய பீச்சாங்கை இருந்தது. நான் அடித்த புறங்கை. விரல்கள் கட்டையைச் சுற்றி அழுத்தமாக இருந்தன.

கையைத் தளர்த்தினேன்.

இரண்டாம் சுற்றில் அவள் காலை ஆட்ட ஆரம்பித்தாள். முதலில் ஒரு கால், பிறகு இரண்டும். பெட்டி லேசாக ஆடியது. ஆடாதே என்ற சொல் என் வாய்வரைக்கும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.